பகுதி முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலின் அச்சமைவு: நிமிர்த்தலும் மீட்டலும்

ஆய்வுச்சுருக்கம்

முழங்கால் மூட்டின் ஒரு பகுதி மட்டும் தேய்ந்த நிலையில், அப்பகுதியை மட்டும் அகற்றிச் செயற்கை உறுப்புப் பொருத்தும் முறை பகுதி முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை எனப்படுகிறது. இச்சிகிச்சைக்குப் பின் காலின் அச்சு எங்கு அமைய வேண்டும் என்பது எலும்பியல் மருத்துவத்தில் நெடுநாளாக விவாதிக்கப்படும் வினாவாகும். முழு மூட்டு மாற்றில் காலை நேர்க்கோட்டுக்குக் கொணர்வது மரபான இலக்கு. பகுதி மாற்றில் அதே இலக்கை வைத்துக்கொண்டால் எஞ்சியுள்ள நலமான பகுதிக்குத் தீங்கு நேரக்கூடும். இக்கட்டுரை கால் அச்சின் இயங்கியலையும், அச்சை உறுதிசெய்யும் காரணிகளையும், மிகைத் திருத்தம், குறைத் திருத்தம் ஆகியவற்றின் விளைவுகளையும் விளக்கி, நோய்க்கு முற்பட்ட அச்சை மீட்பதே இச்சிகிச்சையின் இலக்கு என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முழங்கால் மூட்டு, பகுதி மூட்டு மாற்று, கால் அச்சு, வில்கால், முட்டுக்கால், குருத்தெலும்பு, இணைப்பு நார்.

முன்னுரை

மூட்டுத் தேய்மானம் என்றவுடன் மூட்டு முழுவதும் ஒருசேரத் தேய்வதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் முழங்கால் மூட்டு மூன்று அறைகளைக் கொண்டது. தொடை எலும்பும் கணைக்கால் உள்ளெலும்பும் சந்திக்கும் உட்பக்க அறை, வெளிப்பக்க அறை, முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடைப்பட்ட முன்னறை என்பன அவை. இவற்றுள் உட்பக்க அறையே பெரும்பாலும் முதலில் தேய்கிறது. ஏனைய இரண்டு அறைகளும் நல்ல நிலையில் இருக்க, உட்பக்க அறை மட்டும் எலும்போடு எலும்பு உரசும் நிலையை அடைந்தவர்களுக்கு மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இத்தகையோர்க்குச் செய்யப்படும் பகுதி மாற்றில் முன்குறுக்கு, பின்குறுக்கு இணைப்பு நார்கள் காக்கப்படுகின்றன. எலும்பு குறைவாகவே வெட்டப்படுகிறது. இங்கிலாந்தில் 27 மையங்களில் 528 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட டாப்காட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தன. நோயாளரின் வலி, செயல்திறன் ஆகியவற்றில் பகுதி மாற்றும் முழு மாற்றும் ஒத்த பயனையே தருகின்றன என்றும், செலவு நோக்கில் பகுதி மாற்று மேலானது என்றும் அவ்வாய்வு காட்டியது.

ஆயினும் பகுதி மாற்றுச் சிகிச்சைக்குள்ளானோர் சிலர் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. முழு மாற்றுச் செய்துகொண்டவரின் கால் நேராக நிற்க, தம் கால் மட்டும் இன்னும் சற்றே வளைந்திருப்பது ஏன் என்பதே அது. இந்த எஞ்சிய வளைவு சிகிச்சையின் குறைபாடா, அல்லது திட்டமிட்டே விடப்பட்டதா? இவ்வினாவுக்கு விடை காணக் கால் அச்சின் அமைப்பை அறிதல் வேண்டும்.

கால் அச்சு: வரையறையும் அளவீடும்

இடுப்பு மூட்டில் உள்ள தொடை எலும்புத் தலையின் மையத்திலிருந்து கணுக்கால் மூட்டின் மையம் வரை வரையப்படும் நேர்க்கோடு காலின் இயங்கியல் அச்சு எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுவை மருத்துவர் யோகான் மிக்குலிச்சின் பெயரால் மிக்குலிச் கோடு என்றும் இது வழங்கப்படுகிறது. நிற்கும்போது உடலின் எடை இக்கோட்டின் வழியே தரையை நோக்கிச் செல்கிறது எனலாம். இக்கோடு முழங்காலின் நடுவில், அல்லது நடுவிலிருந்து சற்றே உட்புறமாகச் செல்வது இயல்பு.

தொடை எலும்புத் தலையின் மையம், முழங்கால் மையம், கணுக்கால் மையம் ஆகிய மூன்றையும் இணைக்கும்போது உண்டாகும் கோணம் இடுப்பு-முழங்கால்-கணுக்கால் கோணம் ஆகும். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமைந்தால் கோணம் 180 பாகை. முழங்கால் வெளிப்புறம் தள்ளி நிற்பின் உட்பக்கத்தில் அளக்கப்படும் கோணம் 180 பாகைக்குக் குறையும். இதனை மருத்துவர் வேரஸ் என்பர். வழக்கில் வில்கால் எனப்படுவது இதுவே. முழங்கால் உட்புறம் தள்ளி நிற்பின் கோணம் 180 பாகையைக் கடக்கும். இது வால்கஸ் அல்லது முட்டுக்கால் அமைப்பு. இக்கட்டுரையில் முறையே வில்கால் சாய்வு, முட்டுக்கால் சாய்வு என்னும் தொடர்கள் ஆளப்படுகின்றன.

இக்கோணத்தை அளக்க முழங்காலை மட்டும் காட்டும் சிறிய ஊடுகதிர்ப் படம் போதாது. தொடை எலும்புத் தண்டின் அச்சுக்கும் இயங்கியல் அச்சுக்கும் இடையே 5 முதல் 7 பாகை வரை வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடு ஆளுக்கு ஆள் மாறுபடும். எனவே இடுப்பு முதல் கணுக்கால் வரை முழுக்காலும் அடங்கிய, நின்ற நிலையில் எடுக்கப்பட்ட படமே சரியான அளவைத் தரும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் உடலெடை மூட்டின்மேல் இறங்காமையால் சாய்வு குறைவாகவே தெரியும். முழங்கால் சில்லு முன்னோக்கி நில்லாமல் கால் திரும்பியிருந்தாலோ, முழங்கால் முழுமையாக நீளாமல் மடங்கியிருந்தாலோ அளவு பிழையாகும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் வலியால் நோயாளர் அக்காலில் முழு எடையையும் ஊன்றுவதில்லை. காலை முழுவதும் நீட்டுவதுமில்லை. அக்காலப் படத்தை மட்டும் கொண்டு அச்சமைவை முடிவு செய்தல் தகாது.

இயல்பான கால் எது?

180 பாகையே இயல்பு, அதிலிருந்து விலகுவதெல்லாம் குறை என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பெல்ஜியத்தில் பெல்லெமன்சும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. முழங்கால் நோய் இல்லாத, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட 250 பேரின் கால்களை அவர்கள் அளந்தனர். ஆண்களில் 32 விழுக்காட்டினர்க்கும் பெண்களில் 17 விழுக்காட்டினர்க்கும் 3 பாகையோ அதற்கு மேலோ வில்கால் சாய்வு இயல்பாகவே இருந்தது. இதனை அவர்கள் உடலமைப்பு சார்ந்த வில்கால் எனக் குறித்தனர்.

இக்கண்டறிதல் ஓர் அடிப்படைப் பாகுபாட்டை வேண்டிநிற்கிறது. தேய்மானத்தோடு வரும் நோயாளரின் வளைந்த காலில் இரண்டு கூறுகள் கலந்துள்ளன. ஒன்று, பிறப்பாலும் வளர்ச்சியாலும் எலும்பின் வடிவிலேயே அமைந்த வளைவு. மற்றொன்று, குருத்தெலும்பு தேய்ந்து மூட்டின் ஒரு பக்கம் தாழ்ந்ததால் பின்னர் வந்து சேர்ந்த வளைவு. முன்னது உடலமைப்பு; பின்னது நோய். இவற்றைப் பிரித்தறியாமல் மொத்த வளைவையும் நீக்க முற்படுவது, நோயோடு உடலமைப்பையும் மாற்ற முற்படுவதாகும்.

இரு கூறுகளையும் பிரித்தறிய ஒரு கணக்கீட்டு முறை உள்ளது. மக்டெசி குழுவினர் 2021இல் வெளியிட்ட முழங்கால் வகைப்பாட்டில் இது பயன்படுத்தப்பட்டது. கணைக்கால் உள்ளெலும்பின் மேற்பரப்பு அவ்வெலும்பின் அச்சோடு உட்புறம் உண்டாக்கும் கோணத்திலிருந்து, தொடை எலும்பின் கீழ்ப்பரப்பு அதன் இயங்கியல் அச்சோடு வெளிப்புறம் உண்டாக்கும் கோணத்தைக் கழித்தால் நோய்க்கு முற்பட்ட அச்சின் மதிப்பு கிடைக்கும். இக்கோணங்கள் எலும்பின் வடிவைச் சார்ந்தவை; குருத்தெலும்புத் தேய்வால் பெரிதும் மாறாதவை.

சான்றாக, ஒருவர்க்கு முதற்கோணம் 86 பாகை, இரண்டாம் கோணம் 88 பாகை எனக் கொள்வோம். கழிக்கக் கிடைப்பது −2, அதாவது 2 பாகை வில்கால் சாய்வு. இதுவே அவருடைய இளமைக் கால அச்சு. இப்போது நின்ற நிலைப் படத்தில் அவர்க்கு 8 பாகை வில்கால் சாய்வு காணப்படுமாயின், அவற்றுள் 6 பாகை மட்டுமே மூட்டுக்குள் நேர்ந்த மாற்றத்தால் வந்தது. பகுதி மாற்றுச் சிகிச்சை திருத்த வேண்டியது இந்த 6 பாகையையே. எஞ்சும் 2 பாகை அவருடைய சொந்த அமைப்பு.

தேய்மானமும் திருத்தத் தகுந்த சாய்வும்

பகுதி மாற்றுக்குரிய நோய்நிலையின் உடற்கூற்று அடிப்படையை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோவும் பொறியியலாளர் ஜான் ஓகானரும் அங்கு உருவாக்கிய நகரும் தாங்கி கொண்ட செயற்கை மூட்டு 1976இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1982 முதல் ஓர் அறைக்கு மட்டும் பொருத்தும் முறை கையாளப்பட்டது. ஒயிட், லட்கோவ்ஸ்கி, குட்ஃபெலோ ஆகியோர் 1991இல் முன்-உட்பக்கத் தேய்மானம் என்னும் நோய்நிலையை விளக்கினர். முன்குறுக்கு இணைப்பு நார் நலமாக உள்ளவரை உட்பக்க அறையின் முன்பகுதியும் நடுப்பகுதியுமே தேய்கின்றன. பின்பகுதிக் குருத்தெலும்பு எஞ்சி நிற்கிறது.

இதன் விளைவு நுட்பமானது. கால் நீண்டிருக்கும்போது தேய்ந்த பரப்புகள் ஒன்றோடொன்று படிவதால் கால் வில்லாக வளைகிறது. முழங்காலை மடக்கும்போது தேயாத பின்பகுதிகள் ஒன்றையொன்று தொடுவதால் வளைவு தானே நீங்குகிறது. ஒவ்வொரு முறை மடக்கும்போதும் உட்பக்க இணைப்பு நார் தன் இயல்பான நீளத்துக்கு இழுக்கப்படுகிறது. ஆகவே அது சுருங்குவதில்லை. முழங்காலை ஏறத்தாழ 20 பாகை மடித்து, கணைக்காலை வெளிப்புறமாகத் தள்ளி எடுக்கப்படும் அழுத்த ஊடுகதிர்ப் படத்தில் உட்பக்க இடைவெளி திறந்து, சாய்வு திருந்துவதைக் காணலாம். அவ்வாறு திருந்தாவிடில் இணைப்பு நார் சுருங்கிவிட்டது என்பது பொருள். அந்நிலையில் பகுதி மாற்று ஏற்றதன்று. கோசின், ஸ்காட் ஆகியோர் 1989இல் வகுத்த தேர்வு நெறிகளுள் வயது, எடை பற்றியவை பிற்காலத்தில் பெரிதும் தளர்த்தப்பட்டன. சாய்வு கையால் திருத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் நெறி இன்றும் நிலைத்துள்ளது.

அச்சை உறுதிசெய்வது எது?

முழு மாற்றுக்கும் பகுதி மாற்றுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இங்குதான் உள்ளது. முழு மாற்றில் இரு எலும்புகளின் முனைகளும் குறுக்கே முழுமையாக வெட்டப்படுகின்றன. எந்தக் கோணத்தில் வெட்டப்படுகிறதோ அதுவே பெரிதும் காலின் கோணமாகிறது. தேவைப்படின் இணைப்பு நார்கள் தளர்த்தப்பட்டுச் சமன்செய்யப்படுகின்றன. பகுதி மாற்றில் வெளிப்பக்க அறை தொடப்படாமல் ஒரு சுழல் ஆதாரம்போல் நிற்கிறது. உட்பக்கத்தில் பொருத்தப்படும் உறுப்புகளின் மொத்த உயரமே காலின் கோணத்தை முடிவு செய்கிறது. அதாவது முழு மாற்றில் வெட்டின் கோணமும், பகுதி மாற்றில் நிரப்பின் உயரமும் அச்சை ஆள்கின்றன.

உயரத்துக்கும் கோணத்துக்கும் உள்ள தொடர்பை எளிய வடிவியலால் கணிக்கலாம். உட்பக்க, வெளிப்பக்கத் தொடுமையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் எனக் கொண்டால், உட்பக்கத்தில் 1 மில்லிமீட்டர் உயர மாற்றம் 1 பாகைக்குச் சற்று மேற்பட்ட கோண மாற்றத்தைத் தரும். இரு எலும்புகளிலும் குருத்தெலும்பு முழுமையாக அழிந்த நிலையில் இழக்கப்படும் உயரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இது 6 பாகைக்கு நெருங்கிய சாய்வைத் தரும். மேற்காட்டிய சான்றில் நோயால் வந்த சாய்வு 6 பாகை என்பதோடு இது பொருந்துகிறது. மிகக் கூடிய சாய்வு காணப்படின், அது குருத்தெலும்பு இழப்பால் மட்டும் வந்ததாக இருத்தல் இயலாது. எலும்பின் வடிவோ, எலும்பே தேய்ந்த நிலையோ, வெளிப்பக்க நார்களின் தளர்ச்சியோ உடனிருத்தல் வேண்டும்.

இவ்வாறாயின், எவ்வளவு உயரம் நிரப்ப வேண்டும் என்பதை மருத்துவர் எவ்வாறு அறிவார்? அதற்குரிய அளவுகோல் நோயாளரின் உடலிலேயே உள்ளது. உட்பக்க இணைப்பு நார் சுருங்காமல் தன் நீளத்தைக் காத்துள்ளது. அந்நாரின் இயல்பான இறுக்கம் மீளும் அளவுக்கு நிரப்பினால் நோய்க்கு முற்பட்ட அச்சு தானே மீளும். நகரும் தாங்கி கொண்ட உறுப்புகளில் 1 மில்லிமீட்டர் இடைவெளிகளில் வெவ்வேறு தடிமனுள்ள தாங்கிகள் கிடைப்பது இதன் பொருட்டே. மும்பையைச் சேர்ந்த அருண் முல்லாஜியும் அவர்தம் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நகரும் தாங்கி கொண்ட உட்பக்க மாற்றுக்குப் பின் காலின் அச்சு, நோயுறாத மறுகாலின் அச்சை ஒத்து அமைகிறது எனக் காட்டியது. மீட்டல் என்னும் கருத்துக்கு இது நேரிய சான்றாகும்.

மிகைத் திருத்தமும் குறைத் திருத்தமும்

காலை முழுவதும் நிமிர்த்தும் ஆர்வத்தால் தேவைக்கு மேல் தடித்த தாங்கியைப் பொருத்தினால் உட்பக்க இணைப்பு நார் அளவுக்கு மீறி இறுகும். அச்சு வெளிப்புறம் நகரும். உடலெடையின் பெரும்பங்கு வெளிப்பக்க அறையின்மேல் விழும். அவ்வறையில் இருப்பது செயற்கை உறுப்பன்று, நோயாளரின் சொந்தக் குருத்தெலும்பு. நடக்கும்போது முழங்காலின்மேல் விழும் சுமையில் பெரும்பங்கை உட்பக்க அறையே தாங்குவது இயற்கை. அதற்குப் பழகாத வெளிப்பக்கக் குருத்தெலும்பு மிகைச் சுமையால் தேயத் தொடங்கும். எதிர் அறையில் தேய்மானம் பரவுதல் பகுதி மாற்றுத் தோல்விக்குரிய தலையாய காரணங்களுள் ஒன்று என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுபுறம், சாய்வைப் பெரிதும் திருத்தாமல் விட்டால் சுமை முழுவதும் செயற்கை உறுப்பின்மேல் குவியும். பாலிஎத்திலீன் தாங்கி விரைந்து தேயும். கணைக்கால் உறுப்பு எலும்பிலிருந்து தளரக்கூடும். நகரும் தாங்கியாயின் இறுக்கம் போதாமையால் இடம்பெயரவும் கூடும்.

இவ்விரு எல்லைகளையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன. கென்னடியும் ஒயிட்டும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், இயங்கியல் அச்சு முழங்காலின் நடுவிலோ சற்றே உட்புறமாகவோ சென்றவர்களிடம் நற்பயன் மிகுந்திருந்தது. எர்னிகூவும் தெஷாம்பும் 2004இல் நிலைத்த தாங்கி கொண்ட உறுப்புகளை ஆராய்ந்து, கோணம் 180 பாகையைக் கடந்தபோது எதிர் அறையின் தேய்மானமும், 170 பாகைக்கும் கீழே நின்றபோது பாலிஎத்திலீன் தேய்மானமும் கூடியதாகக் கண்டனர். ஆக்ஸ்போர்டு மூட்டுகளை ஆராய்ந்த குலாத்தி குழுவினர் 2009இல், எஞ்சிய வில்கால் சாய்வு ஐந்தாண்டுப் பயனைக் குறைக்கவில்லை என்றனர்.

இவ்வாய்வுகளின் முடிவுகள் முரண்படுவனபோல் தோன்றினும், தாங்கியின் வகையைக் கருதினால் முரண் பெரிதும் நீங்கும். நகரும் தாங்கியில் தொடுபரப்பு அகன்றிருப்பதால் பாலிஎத்திலீன் தேய்வு மிகக் குறைவு; ஆகவே எஞ்சிய சாய்வை அது பொறுத்துக்கொள்கிறது. நிலைத்த தாங்கியில் தொடுபரப்பு சிறிது, அழுத்தம் மிகுதி. எனினும் இருவகைக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. சிறிதளவு குறைத் திருத்தத்தைவிட மிகைத் திருத்தமே அஞ்சத்தக்கது. முன்னதன் சுமையைத் தாங்குவது மாற்றத்தக்க செயற்கை உறுப்பு. பின்னதன் சுமையைத் தாங்குவதோ மீளப் பெற இயலாத குருத்தெலும்பு.

காலின் அச்சும் உறுப்பின் அச்சும்

காலின் அச்சு சரியாக அமைந்தாலும் உறுப்பு பொருத்தப்பட்ட கோணம் பிழையாகலாம். இவை இரண்டும் வெவ்வேறானவை. கணைக்கால் உறுப்பு உட்புறமாக மிகவும் சாய்ந்தால் அதன் கீழுள்ள எலும்பின் ஒரு விளிம்பில் அழுத்தம் குவியும். எலும்பை ஆழமாக வெட்டினால் தாங்கும் வலுவற்ற எலும்பின்மேல் உறுப்பு அமரும். உட்பக்க மேடை முறியவும் கூடும். உறுப்பின் பின்சாய்வு மிகுந்தால் கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவும் போக்கு கூடும். முன்குறுக்கு இணைப்பு நார் வலுவிழந்தவர்க்கு இது கேடாகும்.

இத்துல்லியத்துக்கு இயந்திரத் துணை நாடப்படுகிறது. லண்டனில் கோப் குழுவினர் 2006இல் வெளியிட்ட, ஏதேச்சை முறையில் பகுக்கப்பட்ட 28 முழங்கால்களின் ஆய்வில், அக்ரோபாட் இயந்திரத் துணையோடு செய்யப்பட்ட அனைத்திலும் அச்சு திட்டமிட்ட அளவிலிருந்து 2 பாகைக்குள் அமைந்தது. வழக்கமான முறையில் 40 விழுக்காட்டில் மட்டுமே அவ்வாறு அமைந்தது. ஆயினும் திட்டத்தை நிறைவேற்றுவதே இயந்திரத்தின் பணி. எந்த அச்சைத் திட்டமிட வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தவறான இலக்கைத் துல்லியமாக எட்டுவதால் பயனில்லை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வளைந்த காலின் சாய்வில் உடலமைப்பு சார்ந்த கூறும் நோய் சார்ந்த கூறும் கலந்துள்ளன. பகுதி மாற்று திருத்த வேண்டியது நோய் சார்ந்த கூற்றை மட்டுமே.

2. பகுதி மாற்றில் அச்சை முடிவு செய்வது, இணைப்பு நார்களின் இயல்பான இறுக்கத்துக்கேற்ப நிரப்பப்படும் உயரமே. நார்களைத் தளர்த்தி அச்சை மாற்றுவது இச்சிகிச்சையின் நெறிக்கு முரணானது.

3. மிகைத் திருத்தம் நலமான அறையைக் கெடுக்கும்; பெரிய குறைத் திருத்தம் செயற்கை உறுப்பைக் கெடுக்கும். இவ்விரண்டனுள் முன்னதையே முதன்மையாகத் தவிர்த்தல் வேண்டும்.

4. அச்சை மதிப்பிட நின்ற நிலையில் எடுத்த முழுக்கால் ஊடுகதிர்ப் படம் இன்றியமையாதது.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். பகுதி மாற்றுக்குப் பின் எஞ்சும் சிறு வளைவு, நோய் வருவதற்கு முன் அவருக்கிருந்த அச்சை ஒத்திருக்குமாயின் அது சிகிச்சையின் குறையாகாது; எஞ்சிய அறையைக் காப்பதற்கான ஏற்பாடே ஆகும். இதனை அறுவைக்குப் பின் சமாதானமாகச் சொல்வதைவிட அறுவைக்கு முன்பே நோயாளர்க்கு அவர்தம் ஊடுகதிர்ப் படத்தைக் காட்டி விளக்குதல் நன்று. எந்த வளைவு நீங்கும், எந்த வளைவு நிற்கும், ஏன் நிற்கும் என்பதைத் தாய்மொழியில் தெளிவாகக் கேட்டறிந்தவர், பின்னாளில் தம் காலைப் பிறர் காலோடு ஒப்பிட்டு மனம் வருந்தமாட்டார். தேவையற்ற மறு அறுவையையும் நாடமாட்டார்.